தங்கமீன் குஞ்சு பொரிக்கணுமா? முதலில் வீட்டில் எத்தனை வாளி இருக்கு என்று எண்ணுங்கள்!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கொளத்தூரிலிருந்து பெரம்பூர் போகும் பஸ். நிற்கவே இடம் இல்லை.

எனக்குப் பக்கத்தில் ஒருவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு கையில் பிளாஸ்டிக் பை. பைக்குள் தண்ணீர். தண்ணீருக்குள் நாலு தங்கமீன்கள். டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் மீன் ஒரு பக்கம், மனுஷன் ஒரு பக்கம்.

"ஜோடி பார்த்து வாங்கினேன் சார். ஒரு வருஷத்துல குஞ்சு பொரிச்சுடுமாம். ஒரு தடவைக்கு ஆயிரம் முட்டையாம். ஒரு குஞ்சு இருபது ரூபான்னு வச்சாக்கூட நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க!"

போட்டுப் பார்த்தேன். இருபதாயிரம்! யாருக்குத்தான் ஆசை வராது?

நான் வாயைத் திறப்பதற்குள் பெரம்பூர் வந்துவிட்டது. மீனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். அவரிடம் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர் படிக்காவிட்டாலும், அவரைப் போலப் பை வாங்கி வரும் வேறு யாராவது படிப்பார்கள்.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுத் தொட்டியில் தங்கமீனைக் குஞ்சு பொரிக்க வைப்பது நல்ல பொழுதுபோக்கு. செய்யலாம். ஆனால் வந்த முட்டையை எல்லாம் காப்பாற்றப் பார்க்கக்கூடாது. வீட்டில் பத்து மீனுக்கு இடம் இருந்தால், அந்தப் பத்துக்கு வேண்டிய முட்டையை மட்டும் எடுங்கள். மிச்சத்தை விட்டுவிடுங்கள். முட்டையிலேயே கணக்கை முடித்தால் பாவம் இல்லை. குஞ்சான பிறகு முடிப்பதுதான் பாவம்.

பட்டவன் சொல்கிறேன், கேளுங்கள்.

புள்ளியா? வியாதியா?

2018-ல் நானும் அப்படித்தான் நாலு மீன் வாங்கி வந்தேன். மகள் கேட்டாள் என்று. மூன்றடி நீளம், ஒரு அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் கொண்ட கண்ணாடித் தொட்டி. தளும்பத் தளும்ப ஊற்றினால் ஏறக்குறைய 105 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதுவே நாலு மீனுக்குக் கம்மிதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மார்கழி, தை குளிர் போய் 2019 பிப்ரவரியில் லேசாக வெயில் ஏறிய நேரம். இரண்டு மீன்களுக்குச் செவுள் மூடி மேலே வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. பதறிப்போய்க் கடைக்கு ஓடினேன். "வெள்ளைப்புள்ளி நோய்தான் சார்" என்று ஒரு நீல மருந்தைக் கட்டிக் கொடுத்தார்கள். தொட்டி முழுவதும் நீலம்!

அது நோயே இல்லை. தங்கமீனில் ஆண் எது, பெண் எது என்று காட்டுகிற அடையாளம் அது. பருவம் வந்த ஆணுக்குச் செவுள் மூடி மேலும் பக்கத் துடுப்பின் முன் முள் மேலும் உப்புத் தூவினது போலப் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளி வரும். தடவினால் சொரசொரப்பாக இருக்கும். நோயாக இருந்தால் உடம்பு, வால் எல்லா இடத்திலும் தாறுமாறாகத் தெரியும். இதுதான் வித்தியாசம். பெண் மீனுக்குப் புள்ளி கிடையாது. மேலிருந்து பார்த்தால் வயிறு ஒரு பக்கம் சற்றுத் தள்ளிக்கொண்டு தெரியும்.

பஸ்ஸில் வந்தவர் "ஜோடி பார்த்து" வாங்கினேன் என்றாரே, அந்தக் குட்டி மீன்களில் ஜோடி பார்க்கவே முடியாது. வயசு வந்தால்தான் தெரியும்.

மருந்துத் தண்ணீரை மாற்றினேன். புதுத் தண்ணீர் கொஞ்சம் ஜில்லென்று இருந்தது. மீனுக்கு அது மழை பெய்தது போல. இரண்டாம் நாள் விடியற்காலை தொட்டியில் ஒரே ரகளை. ஆண்கள் இரண்டும் பெண் மீனை விரட்டு விரட்டு என்று விரட்டுகின்றன. தண்ணீர் தெறித்துச் சுவரெல்லாம் ஈரம்.

தொட்டியில் ஆகாயத்தாமரை போட்டிருந்தேன். அதன் வேரெல்லாம் முட்டை. கசகசாவை விடக் கொஞ்சம் பெரிசு. பசை போட்டது போல ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியிலும் ஒட்டியிருந்தது. பில்டர் குழாயிலும் ஒட்டியிருந்தது.

நான் பெருமையோடு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டேன். நாங்கள் வந்து பார்ப்பதற்குள் பெற்ற மீனே தன் முட்டையைத் தின்றுகொண்டிருந்தது! மகள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவசர அவசரமாக வேரை எல்லாம் வாரி, வீட்டில் இருந்த நாலு பிளாஸ்டிக் டப்பில் போட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

தின்றுவிட்டுப் போகட்டும் என்று பாதியை விட்டிருக்க வேண்டும். ஒரு பெண் மீன் ஒரே காலையில் சில நூறு முட்டை போடும். பெரிய மீனாக இருந்தால் ஆயிரத்துக்கு மேலும் போகும். அத்தனையும் பிழைக்கட்டும் என்றா இயற்கை போட வைக்கிறது? பெரும்பாலானது போகும் என்று தெரிந்துதானே அத்தனை போட வைக்கிறது! அந்தக் கணக்கில் நடுவே போய் நான் கையை விட்டேன்.

கண்ணிமை முடி போல...

சென்னைச் சூட்டுக்கு இரண்டு, மூன்று நாளில் பொரிந்துவிடும். கரு கூடாத முட்டை பால் போல வெளுத்துப் பூஞ்சை பிடிக்கும். அதை எடுத்துப் போட வேண்டும். எடுக்காவிட்டால் பக்கத்து முட்டைக்கும் பரவும்.

பொரிந்த குஞ்சைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணிமை முடியை வெட்டி ஒட்டினது போல இருக்கும். அதில் இரண்டு கறுப்புப் புள்ளி, கண். முதல் இரண்டு நாள் டப்பின் ஓரத்தில் தொங்கிக்கொண்டே இருக்கும். வயிற்றில் கூடவே வந்த மஞ்சள் கரு இருப்பதால் சாப்பாடு வேண்டாம். அது தீர்ந்து நீந்த ஆரம்பித்தவுடன் பசி வந்துவிடும்.

வாய் ஊசி முனை அளவு. நாம் பெரிய மீனுக்குப் போடுகிற குருணை அதற்கு மலை. முட்டைக்கோஸ் இலையையோ வாழைப்பழத் தோலையோ தண்ணீரில் நாலைந்து நாள் ஊறப்போட்டால் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் உண்டாகும். அந்தத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடலாம். ஆனால் அதை முட்டை போடுவதற்கு முன்பே ஊறப்போட்டிருக்க வேண்டும். நான் எங்கே போட்டேன்?

அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டிப் பிழிந்து கொடுத்தேன். இது எல்லோரும் சொல்கிற வைத்தியம். நல்லதுதான். ஆனால் ஒரு துளி கூடினால் தண்ணீர் நாறிவிடும். பாசம் மிகுதியாகி நான் இரண்டு துளி கூட்டினேன். மறுநாள் காலை ஒரு டப் முழுக்க வெள்ளையாகச் செத்துக் கிடந்தது. நூறா, நூற்றைம்பதா? எண்ண மனசு வரவில்லை. மகள் எழுந்திருப்பதற்குள் கொட்டிக் கழுவி வைத்தேன்.

அப்புறம் ஆர்ட்டீமியா. உப்புத் தண்ணீரில் வளரும் பூச்சியின் முட்டை அது. நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் இந்தப் பூச்சி உண்டு. கடையில் டப்பாவில் விற்கிறார்கள். உப்புக் கரைத்த தண்ணீரில் போட்டு ஏர் மோட்டார் விட்டால் ஒரு நாளில் பொரியும். அதை வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் குஞ்சுக்குக் கொடுக்க வேண்டும். அதாவது மீன் குஞ்சுக்காக இன்னொரு குஞ்சு பொரிக்க வேண்டும்! காலையில் ஆபீஸ் போகிறவன், ராத்திரி பத்து மணிக்கு உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டிருந்தேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

ஆர்ட்டீமியா, கூடுதல் மோட்டார், இரண்டு புதுத் தொட்டி எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. வரவு எவ்வளவு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தண்ணீர்தான் வில்லன்

தங்கமீனுக்கு இரைப்பை என்ற ஒன்றே கிடையாது. வாயில் போனது நேரே குடலுக்குப் போகும். அதனால் நாள் பூரா தின்றுகொண்டே இருக்கும், அழுக்கு பண்ணிக்கொண்டே இருக்கும். அந்தக் கழிவிலும், அது விடும் மூச்சிலும் அமோனியா உண்டு. அது தண்ணீரில் ஏறினால் செவுள் எரிந்து மீன் செத்துப்போகும். நெருக்கமாகக் குஞ்சு இருக்கிற டப்பில் தினம் பாதித் தண்ணீராவது மாற்றித்தான் ஆக வேண்டும். குழாய்த் தண்ணீரை நேரே ஊற்றவும் முடியாது. குளோரின் இருக்கும். ஒரு நாள் முன்னாடியே பிடித்து வைக்க வேண்டும்.

மே மாதம் என்னிடம் 52 குஞ்சுகள் மிச்சம் இருந்தன. தினம் முப்பது லிட்டர் தண்ணீர் தேவைப்பட்டது. நம் பிளாஸ்டிக் குடத்தில் இரண்டு குடம்.

அது எந்த வருஷம்? 2019! மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு கிடந்த வருஷம். லாரி வந்தால் தெருவே குடத்தோடு ஓடியது. ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரெயிலில் வந்து வில்லிவாக்கத்தில் இறங்கியது. ரெயிலுக்கு மாலை போட்டு வரவேற்றார்கள்.

அந்த ரெயில் வருவதற்கு ஒரு மாதம் முன்பு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். லாரியில் கிடைத்தது ஆறு குடம். மனைவி அதில் இரண்டு குடத்தைத் தனியாக வைத்தாள். "இது உங்க பிள்ளைங்களுக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சண்டை கூடப் போடவில்லை. மாடி வீட்டு அம்மாவோ கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு குடத்துக்காக வாசலில் நிற்கிறார்கள்.

நான் அந்த இரண்டு குடத்தையும் மாடிக்குக் கொண்டு போய்க் கொடுத்தேன். மறுநாள் காலை 40 மீனைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன்.

கடையில் நடந்தது

கடைக்காரர் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "பாதி இன்னும் கலரே திரும்பலையே அண்ணே. கறுப்பா கெண்டைக் குஞ்சு மாதிரி இருக்கு. உடம்பும் ஒரு ஜாதியிலயும் சேரலை. காசு கீசு வேணாம், சும்மான்னா வாங்கிக்கிறேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. தங்கமீன் கெண்டைக் குடும்பத்து மீன்தான். ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் சீனாவில் சிவப்பாகப் பிறந்த ஒன்றிரண்டைத் தனியே எடுத்து, அதிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததுதான் இன்றைய தங்கமீன். பிறக்கும்போது எல்லாம் கருமைதான். இரண்டு, மூன்று மாதத்துக்கு மேல்தான் நிறம் திரும்பும். சிலதுக்கு ஒரு வருஷம் ஆகும். சிலதுக்குத் திரும்பவே திரும்பாது. என்னிடம் இருந்த தாய், தலையில் கொண்டை வைத்த ஒராண்டா. தகப்பன் நீள வால் வைத்த சாதா மீன். இரண்டும் கலந்தால் பிள்ளைக்குக் கொண்டையும் வராது, வட்ட உடம்பும் வராது.

வரவு எவ்வளவு என்று கேட்டீர்களே. பூஜ்யம்!

இதோடு போயிருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். நாலு நாள் கழித்து மோட்டார் ரிப்பேருக்காக அதே கடைக்குப் போனேன். ஒரு பெரிய தொட்டியில் அரவானா மீன். கடைப்பையன் ஒரு சின்ன வலையில் ஏதோ அள்ளி அதில் போட்டான். ஒரே பாய்ச்சல். கறுப்பாக ஒரு வால் மட்டும் அதன் வாயில் ஆடியது.

பக்கத்துத் தொட்டியைப் பார்த்தேன். என் குஞ்சுகள்! ஒன்றுக்கு வாலில் ஒரு ஓரம் கிழிந்திருக்கும். மகள் அதற்கு 'ஓட்டைவால்' என்று பேர் வைத்திருந்தாள். அது இருந்தது. அதை மட்டும் காசு கொடுத்துத் திரும்ப வாங்கி வந்தேன்.

கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அரவானாவும் சாப்பிடத்தான் வேண்டும். அவர் என்னிடம் பொய் சொல்லவும் இல்லை. நான்தான் கேட்கவில்லை. கேட்கப் பயந்தேன் என்றுகூடச் சொல்லலாம். நாலு மாசம் ராத்திரி கண்விழித்து வளர்த்தது அரவானாவுக்குத் தீனி போடவா?

தொழில் வேறு, தொட்டி வேறு

உடனே கொளத்தூர்க்காரர்கள் என் மேல் கோபப்பட வேண்டாம். அந்த ஊர் பிழைப்பு வேறு. முன்பு சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டில் கிளியும் முயலும் விற்ற வரிசையில் வண்ண மீனும் விற்றார்கள். 1985-ல் அது எரிந்து போனது. இன்று வண்ண மீன் என்றால் கொளத்தூர்தான். அங்கேயும் சுற்று வட்டாரத்திலும் சிமெண்ட் தொட்டி கட்டிக் குஞ்சு பொரிக்கும் குடும்பங்கள் பல உண்டு. ஒரே ஜாதி ஆணும் பெண்ணுமாகப் பிரிப்பார்கள். குஞ்சு பொரித்த சில வாரத்திலேயே கோணல் மாணலானதைக் கழிப்பார்கள். கிணறோ போர்த் தண்ணீரோ வைத்திருப்பார்கள். வாங்குகிற வியாபாரியையும் முன்னாலேயே பேசி வைத்திருப்பார்கள். அது கைத்தொழில். அப்பன், பிள்ளை என்று கற்றது.

யூடியூபில் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கும் தொட்டியில் அதைச் செய்ய முடியுமா? "வீட்டிலிருந்தே மாதம் இவ்வளவு" என்று ஆசை காட்டுகிறவர்கள் யாராவது தண்ணீருக்கு என்ன செய்வது என்று சொல்கிறார்களா? கழிக்க வேண்டிய குஞ்சை எப்படிக் கழிப்பது என்று சொல்கிறார்களா? அந்தக் காட்சியே வராது.

இன்னொரு கோஷ்டி, வளர்க்க முடியாவிட்டால் "ஏரியில விட்டுடு, புண்ணியம்" என்கிறது. புண்ணியம் இல்லை சார், வம்பு! ஏரியில் விட்ட தங்கமீன் பெரிசாக வளர்ந்து, சேற்றைக் கிளறி, தண்ணீரைக் கலக்கி, மற்ற மீனுக்கு வாழ்வில்லாமல் செய்துவிடும். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் பர்ன்ஸ்வில் நகரில் 2021-ல் ஏரியிலிருந்து பிடித்த பெரிய பெரிய தங்கமீன்களின் படத்தைப் போட்டு, "தயவுசெய்து தங்கமீனை ஏரியில் விடாதீர்கள்" என்று நகராட்சியே கெஞ்சியது. நம் ஊர் நீர்நிலைகளில் சக்கர் மீன் பெருகிக் கிடப்பதும், யாரோ தொட்டியில் வளர்த்துச் சலித்து விட்டதால் வந்த வினைதான்.

சின்ன உயிர்தானே, கொஞ்ச நாளில் போய்விடும் என்றும் நினைக்காதீர்கள். நல்ல இடம் கொடுத்தால் தங்கமீன் பத்து, பதினைந்து வருஷம் சாதாரணமாக இருக்கும். இங்கிலாந்தில் 1956-ல் திருவிழாக் கடையில் பரிசாகக் கிடைத்த 'டிஷ்' என்ற தங்கமீன் 1999 வரை, 43 வருஷம் உயிரோடு இருந்து கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. இங்கே உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் நாலு லிட்டர் தண்ணீர் ஊற்றி, மீனைப் போட்டுப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கிறார்கள். குழந்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் மீன் மிதக்கும். இத்தாலியில் மோன்சா நகரம் 2004-லும் ரோம் நகரம் 2005-லும் இந்த உருண்டைக் கிண்ணத்தில் மீன் வளர்க்கவே தடை போட்டுவிட்டன.

அதனால்தான் சொல்கிறேன். முட்டை போட விடுங்கள். விரட்டுவதையும் பொரிவதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதைப் போல வேடிக்கை வேறு கிடையாது. ஆனால் வேரில் கை வைப்பதற்கு முன்னால் வீட்டில் எத்தனை வாளி, எத்தனை குடம், யார் யார் மீன் கேட்டிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

என்னிடம் அன்று தங்கிய மீன்களில் மூன்று இன்னும் இருக்கின்றன. ஓட்டைவாலும் அதில் ஒன்று. இப்போது பளபளவென்று ஆரஞ்சு நிறம். போன பிப்ரவரியில் அவையும் முட்டை போட்டன. மகள் இப்போது காலேஜில் படிக்கிறாள். அவளே ஒரு கைப்பிடி வேரை மட்டும் கத்தரித்து ஒரு டப்பில் போட்டாள். மிச்சத்தைத் தொட்டியிலேயே விட்டாள். காலை ஒன்பது மணிக்குள் பெரிய மீன்கள் துடைத்துவிட்டன.

பொரிந்தது முப்பத்திரண்டு. தங்கியது ஒன்பது. நாலு, மாடி வீட்டுக்கு. மூன்று, எங்கள் தெரு இஸ்திரிக்காரர் மகனுக்கு. தொட்டி வாங்கியாச்சா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். இரண்டு எங்களிடமே இருக்கின்றன. ஒன்று இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது.